புரியாத அனிமேஷன் குறும்படம் ஏன் பிடித்துப்போகிறது?

தரமணிவாசி எழுதியது:

போன வாரம் பெசன்ட் நகரில் ஒரு சின்னத் திரையிடல். முப்பது பேர் உட்காரக்கூடிய மாடி அறை. யான் ஷ்வாங்க்மாயர் என்ற செக் இயக்குநர் 1982இல் எடுத்த 'டைமென்ஷன்ஸ் ஆஃப் டயலாக்' போட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் இருக்கும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: காய்கறி பழங்களால் ஆன ஒரு தலை, சமையல் பாத்திரங்களால் ஆன ஒரு தலை, புத்தகமும் எழுதுபொருளுமாய் ஒரு தலை. ஒன்றையொன்று விழுங்கித் துப்புகின்றன. ஒவ்வொரு முறையும் எல்லாம் இன்னும் கொஞ்சம் நசுங்கி, அரைபட்டு, கடைசியில் வழவழப்பான களிமண் மனிதத் தலைகளாகிவிடுகின்றன. பிறகு அவை தங்களைப் போன்ற தலைகளையே வரிசையாகத் துப்பிக்கொண்டிருக்கின்றன. இது முதல் பகுதி மட்டும்தான்.

படம் முடிந்ததும் விவாதம். ஒருவர் கம்யூனிச ஆட்சியைப் பற்றியது என்றார். இன்னொருவர் நுகர்வுக் கலாசாரம் என்றார். பின்வரிசையில் ஒரு அம்மா, "இது எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றுமே சரியாக இருக்கலாம். ஆனால் நான் கண்ணை எடுக்காமல் பார்த்ததற்கு இந்த மூன்றுமே காரணமில்லை. படம் ஓடும்போது எனக்கு எந்த அர்த்தமும் தோன்றவில்லை. ஒரு வெள்ளரிக்காயை இரும்பு அரைப்பதைப் பார்க்கும்போது பல் கூசியது, அவ்வளவுதான். அந்தக் கூச்சம் பிடித்திருந்தது.

இங்கே இந்த மாதிரிப் படம் பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஏன் பிடிக்கிறது? 'மனிதமனத்தின் ஆழம்' என்றெல்லாம் எழுதினால் படிக்கமாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சாலிகிராமம்_உதவி எழுதியது:

நான் உதவி இயக்குநர். அந்தப் பார்வையிலேயே சொல்கிறேன், கோபப்படாதீர்கள். புரியாத படத்தைப் புகழ்வதில் ஒரு வசதி இருக்கிறது. யாரும் தப்பென்று சொல்ல முடியாது. கதை சொல்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டாம் பாதி தொய்ந்தால் டீக்கடைக்காரர்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

குறும்பட விழாக்களில் எத்தனையோ பார்த்தாகிவிட்டது. ஒரு பெரிய கண், அதிலிருந்து இன்னொரு கண், பின்னணியில் மிக்சி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், கடைசியில் இருட்டு. கேட்டால் 'சர்ரியல்' என்பார்கள், அதாவது கனவு மாதிரி நிஜத்தின் தர்க்கத்தை மீறுகிற கலையாம். எனக்கு எதுவும் ஓடாதபோது எழுதிய சீன் மாதிரி இருக்கிறது. தரமணிவாசி சொன்ன படம் விதிவிலக்காக இருக்கலாம். ஆனால் பல் கூசுவதற்காக நான் பன்னிரண்டு நிமிடம் உட்காரமாட்டேன்.

கீஃப்ரேம் எழுதியது:

கண்ணுக்குள் கண் விஷயத்தில் சாலிகிராமம் சார் சொல்வது நூற்றுக்கு நூறு. மாணவர் படங்களில் முக்கால்வாசி அப்படித்தான். நான் அனிமேஷன் வேலையில் இருப்பவன். எங்களுக்கே கொட்டாவி வரும்.

ஆனால் 'எதுவும் ஓடாதபோது எழுதிய சீன்' என்பது நல்ல படங்களுக்குப் பொருந்தாது. நல்ல சர்ரியல் படம் ஒரே ஒரு விதியை மீறும். மற்ற எல்லா விதியையும் பிடிவாதமாகக் காப்பாற்றும். ஜப்பானியர் கோஜி யமமுரா 2002இல் எடுத்த 'மவுண்ட் ஹெட்' பாருங்கள். ஒரு கஞ்சன். எதையும் வீணாக்க மனசு வராமல் செர்ரிப் பழத்தைக் கொட்டையோடு தின்றுவிடுகிறான். தலையில் செர்ரி மரம் முளைக்கிறது. மீறல் இதோடு முடிந்தது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் நியாயமாக நடக்க வேண்டியதுதான். மரம் பூத்தால் ஜப்பானில் கூட்டம் வரும், வருகிறது. அவன் தலைமேல் பாய் விரித்துக் குடித்துக் கும்மாளம் போடுகிறது. சத்தம் தாங்காமல் மரத்தைப் பிடுங்கி எறிகிறான். பள்ளம் விழுகிறது. பள்ளத்தில் மழைநீர் தேங்குகிறது. தண்ணீர் தேங்கினால் குளிக்க ஆள் வரும், அதுவும் வருகிறது. கடைசியில் அவன் என்ன செய்கிறான் என்று சொல்லமாட்டேன். ஜப்பானின் பழைய கதைசொல்லல் மரபான ராகுகோவிலிருந்து எடுத்த கதை, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

இன்னொன்று. நம் சினிமாவில் கனவு என்றால் அருவி, வெள்ளை உடை, வெளிநாட்டுப் பனி. நிஜமான கனவு அப்படியா வருகிறது? தேர்வு எழுத உட்கார்ந்திருப்பீர்கள், பார்த்தால் அது மாமா வீட்டுச் சமையலறை. கட் எதுவும் இல்லாமல் ஒன்று இன்னொன்றாகிவிடும், நீங்களும் ஏன் என்று கேட்கமாட்டீர்கள். கேமராவுக்கு அது கஷ்டம். வரைகிற கோட்டுக்கு அது சுபாவம். பிரெஞ்சுக்காரர் எமில் கோல் 1908இல் பாரிஸில் வரைந்த 'ஃபான்டாஸ்மகோரி'யிலேயே பாட்டில் பூவாகிவிடுகிறது. ஏறத்தாழ எழுநூறு படங்கள், ஓடுவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதாவது சர்ரியல் என்பது அனிமேஷனுக்குப் பிற்பாடு ஒட்டவைத்த பாணி இல்லை. சர்ரியலிசம் என்ற கலை இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பெயர் வைப்பதற்கு முன்பே அனிமேஷனில் அது நடந்துகொண்டிருந்தது.

மயிலைப்பாட்டி எழுதியது:

உங்கள் அளவுக்குப் பெயரெல்லாம் எனக்குத் தெரியாது பிள்ளைகளா. ஆனால் ரஷ்யக் கலாசார மையத்துக்கு அந்தக் காலத்தில் நிறையப் போயிருக்கிறேன், கஸ்தூரி ரங்கா சாலைதானே, வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்தப் பழக்கத்தில் ரஷ்ய இயக்குநர் யூரி நார்ஷ்டைனுடைய 'ஹெட்ஜ்ஹாக் இன் தி ஃபாக்' படத்தைப் பேத்திக்கு யூடியூபில் போட்டுக் காட்டினேன். 1975 படம். ஒரு முள்ளெலி, கரடிக்குட்டியோடு நட்சத்திரம் எண்ணுவதற்காக ஜாம் எடுத்துக்கொண்டு போகிறது. வழியில் மூடுபனி. பனிக்குள் ஒரு வெள்ளைக் குதிரை நிற்கிறது. 'இந்தக் குதிரை படுத்துத் தூங்கினால் பனியில் மூழ்கிவிடுமோ?' என்று முள்ளெலி யோசிக்கிறது.

பேத்தி படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள். குதிரை நின்றுகொண்டே தூங்குமா என்று கேட்டாள். தூங்கும் என்றேன். 'அப்போ சரி' என்று மறுபடி போடச் சொன்னாள். அவளுக்குப் படத்தில் எதுவுமே விசித்திரமாகப் படவில்லை, குதிரையின் பாதுகாப்புதான் பிரச்சினை. நிலாவை மலையேறிப் போய்ப் பூப்பறித்து வரச்சொல்லிச் சோறு ஊட்டும் ஊர்தானே இது. எங்கே பிற்பாடு இந்த 'அர்த்தம் என்ன'வைக் கற்றுக்கொண்டோம் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பதவுரை பொழிப்புரைதான் காரணமென்று எனக்குச் சந்தேகம். நானும் தமிழாசிரியைதான், சொல்லக் கூடாது.

அந்தப் பனியை எப்படிச் செய்தார்கள் என்று யாராவது சொல்லுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம்.

கீஃப்ரேம் எழுதியது:

பாட்டி, மிக மெல்லிய காகிதம். பல அடுக்குக் கண்ணாடித் தட்டுகள்மேல் வெட்டிய உருவங்களை வைத்து மேலிருந்து படம் பிடிப்பார்கள். உருவத்தின்மேல் அந்த மெல்லிய தாளைப் போட்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவை நோக்கி உயர்த்தினார்கள். தாள் உருவத்தைவிட்டு விலக விலக உருவம் மங்கி வெளுத்துவிடும். பனி வருவது போலத் தெரியும். அவ்வளவுதான் வித்தை. இன்று மென்பொருளில் பனி போட நூறு வழி இருக்கிறது. ஆனாலும் அந்தத் தாளின் வெளுப்பு வருவதில்லை என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி புலம்புவோம்.

கரித்துண்டு எழுதியது:

எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்தவன். தரமணிவாசியின் பல்கூச்சத்திலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது.

ஷ்வாங்க்மாயர் 1970இல் பிராக் சர்ரியலிஸ்ட் குழுவில் சேர்ந்தவர். கொஞ்ச காலத்திலேயே அதிகாரிகள் அவரைப் படம் எடுக்க விடாமல் பல ஆண்டுகள் நிறுத்திவைத்தார்கள். அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் தெரியுமா? தொடுஉணர்வு பற்றிச் சோதனைகள். கண்ணால் பார்க்காமல் தொட்டு அறிகிற பொருட்கள், சிற்பங்கள். மறுபடி கேமராவைப் பிடித்தபோது வந்தவற்றில் ஒன்றுதான் நீங்கள் பார்த்தது. பல் கூசியதென்றால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. கண்ணில் நுழைந்து விரலுக்கும் பல்லுக்கும் போகிற படம் அது. இரண்டாம் பகுதியில் அந்த ஆணும் பெண்ணும் ஒரே களிமண்ணாய்க் குழைந்துவிட்டுப் பிரியும்போது ஒரு சின்னக் கட்டி மிஞ்சுமே, அதை இருவரும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிடுவார்களே. அந்தக் கட்டி மேசைமேல் ஒண்டிக்கொள்ளும் விதத்தைப் பாருங்கள். முகமில்லை, கண்ணில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

உருவம் கலந்து நிற்பதும் நமக்குப் புதிதில்லை. தாராசுரம் கோயிலில் ரிஷபகுஞ்சரம் இருக்கிறது. காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை, காளையின் உடலை மறைத்தால் யானை. ஒன்பது பெண்கள் சேர்ந்து யானையாகும் நவநாரி குஞ்சரமும் உண்டு. காய்கறித் தலைக்கு ஐரோப்பியர்கள் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ஆர்சிம்போல்டோவைக் காட்டுவார்கள். காட்டட்டும். நமக்குச் சோழர்களின் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்லே இருக்கிறது. கல் அசையாது என்பதுதான் வித்தியாசம்.

அப்புறம், இந்தியாவில் இதெல்லாம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு. பிரமோத் பதி என்று ஒருவர். பிராகுக்குப் போய்ப் பொம்மைப்பட மேதை யிர்ஷி திரங்காவிடம் பயின்றவர். திரும்பி வந்து வேலை பார்த்தது எங்கே? அரசாங்கத்தின் ஆவணப்பட நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷனில்! அங்கே இருந்துகொண்டு 1968இல் 'எக்ஸ்ப்ளோரர்', 1972இல் 'ஆபித்' எடுத்தார். 'ஆபித்'தில் ஓவியர் ஆபித் சுர்தியை உயிருள்ள பொம்மை போல ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுத்திருப்பார். பிக்ஸிலேஷன் என்பார்கள் இதை. கனடாவில் நார்மன் மெக்லாரன் 1952இல் 'நெய்பர்ஸ்' படத்தில் செய்து ஆஸ்கர் வாங்கிய முறை. அணைக்கட்டும் உரமும் காட்டிய அதே நிறுவனத்தின் முத்திரையோடு இப்படியும் படம் வந்தது என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

புதுமுகம்_ஈசிஆர் எழுதியது:

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு. எனக்கு ஒரு சந்தேகம், சண்டைக்கு இல்லை.

ஒன்று இன்னொன்றாக உருமாறுவதுதான் அழகு என்றால், இன்று செயற்கை நுண்ணறிவு வீடியோ அதை ஒரு நிமிடத்தில் செய்கிறதே? இட்லி ஆமையாகும், ஆமை ஆட்டோவாகும். ரீல்ஸில் தினமும் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் எல்லாரும் மெல்லிய தாள், களிமண் என்று உழைப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். பார்ப்பவனுக்கு உழைப்பு தெரிய வேண்டிய அவசியம் என்ன? வருகைப் பதிவுக்கு மதிப்பெண் போடுவது மாதிரி ஆகிவிடாதா?

சாலிகிராமம்_உதவி எழுதியது:

தம்பி கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்லுங்கள் மேதைகளே.

கீஃப்ரேம் எழுதியது:

தம்பி, உழைப்புக்காக யாரும் படத்தை ரசிக்கக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். கணக்கு வேண்டுமானால் சொல்கிறேன்: நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் 12 படம். பத்து நிமிடத்துக்கு 7,200 படம். அதைக் கேட்டு 'அடேயப்பா' சொல்லிவிட்டுப் படம் மோசமாக இருந்தால் மோசம்தான்.

நான் பார்ப்பது வேறு. ஷ்வாங்க்மாயரின் மூன்றாம் பகுதியில் இரண்டு களிமண் தலைகள் எதிரெதிரே. ஒன்று பல்துலக்கும் பிரஷை நீட்ட, மற்றது பேஸ்ட் பிதுக்கும். ஒன்று ரொட்டி, மற்றது வெண்ணெய். ஷூவுக்குக் கயிறு, பென்சிலுக்கு ஷார்ப்னர். ஒழுங்காகப் போகும். பிறகு தலைகள் இடம் மாறும், ஜோடிகள் மாறிப்போகும். பிரஷ்மேல் வெண்ணெய், ரொட்டிக்கு ஷூ கயிறு. இதில் ஒவ்வொரு தலையும் பொருளை நீட்டுவதற்கு முன் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனி. ஒவ்வொரு தடவையும் அந்த நிற்கும் நேரம் யாரோ முடிவு செய்தது. தப்பு ஜோடி வரும்போது சிரிப்பு வருவது அந்த நிற்பதால்தான். ரீல்ஸ் வீடியோவில் இட்லி ஆமையாவது வழுக்கிக்கொண்டே போகிறது. எங்கும் தயங்குவதில்லை, எங்கும் எடையில்லை. இட்லிக்கு ஆமையாக விருப்பமா இல்லையா என்றே தெரியாது.

அதற்காக எல்லாமே கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்கர் டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 2015இல் 'வேர்ல்ட் ஆஃப் டுமாரோ' எடுத்தார். குச்சி மனிதர்கள்தான். அதில் வரும் குழந்தையின் குரல் அவருடைய நான்கு வயது உறவுக் குழந்தை விளையாடும்போது பதிவு செய்தது. வசனம் கொடுத்துப் பேசவைக்கவில்லை. குழந்தை தோன்றியதைப் பேசியது, அதைச் சுற்றி அவர் கதையை எழுதினார். எதிரில் எதிர்காலத்திலிருந்து வந்த குளோன் மரணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, குழந்தை தன்பாட்டுக்குக் காரைக் காட்டிக்கொண்டிருக்கும். தற்செயல்தான். ஆனால் எந்தத் தற்செயலை எங்கே வைப்பது என்பதை ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்.

புதுமுகம்_ஈசிஆர் எழுதியது:

நிற்கும் நேரம் பற்றிச் சொன்னது புரிகிறது அண்ணா. ஆனால் அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டும் ஒருவர் நிறுத்தலாமே, வெட்டலாமே, தேர்ந்தெடுக்கலாமே. இன்று யாரும் அப்படிச் செய்யவில்லை என்பது கருவியின் குறையா, ஆட்களின் குறையா? எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை.

கரித்துண்டு எழுதியது:

ஒப்ப வேண்டாம். ஆனால் பொருள் திருப்பி அடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள். கரோலின் லீஃப் என்ற அம்மையார் கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடிமேல் மணலைப் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளிப் படம் எடுத்தவர். எழுத்தாளர் காஃப்காவின் கதை ஒன்றில் ஒரு மனிதன் பூச்சியாகிவிடுவானே, அதை 1977இல் அப்படித்தான் எடுத்தார். மணலில் அடுத்த ஃபிரேமை உருவாக்க வேண்டுமானால் இந்த ஃபிரேமை அழித்தாக வேண்டும். திரும்பிப் போக வழியில்லை. அதனால் அவர் படத்தில் காட்சிகள் வெட்டுவதைவிட வழிந்து மாறுவது அதிகம். சுவர் கதவாகும், கதவு முகமாகும். பாணி என்று நாம் சொல்வது அங்கே மணலின் நிர்ப்பந்தமும்தான். காஃப்காவுக்கு அந்த நிர்ப்பந்தம் எவ்வளவு பொருத்தம்! காலையில் எழுந்தால் பூச்சி, பழையபடி ஆக முடியாது.

உன் கருவி எப்போது உன்னைத் திருப்பி அடிக்கிறதோ அப்போது எனக்குச் செய்தி அனுப்பு, வந்து பார்க்கிறேன்.

தரமணிவாசி எழுதியது:

நன்றாகப் போகிறது. கீஃப்ரேமின் 'ஒரு விதி மீறல்' எனக்குப் பிடித்தது. ஆனால் முழுக்கப் பொருந்துகிறதா? குவே சகோதரர்களின் 'ஸ்ட்ரீட் ஆஃப் குரொக்கடைல்ஸ்' 1986 படத்தைப் பாருங்கள். லண்டனில் வேலை பார்த்த அமெரிக்க இரட்டையர்கள். போலந்து எழுத்தாளர் புரூனோ ஷுல்ஸின் கதையிலிருந்து எடுத்தது. அதில் எந்த விதி எங்கே மீறப்படுகிறது என்று சொல்லவே முடியாது. தூசி, அழுக்குக் கண்ணாடி. திருகாணிகள் தாமாகக் கழன்று தரையில் உருண்டு போகின்றன. எங்கே போகின்றன என்று தெரியாது. ஆனால் அவற்றுக்குத் தெரியும் என்பது மாதிரி ஓடுகின்றன. பர்மா பஜாரில் உலக சினிமா டிவிடி கிடைத்த காலத்தில் வாங்கியது (சட்டம் பேசுபவர்கள் மன்னிக்கவும்). ரொம்ப நாள் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். பயமாகவும் இல்லை, சலிப்பாகவும் இல்லை. அந்த அறையில் நான் இருக்கக் கூடாது என்று தோன்றும்.

அங்கே பிடிப்பது விதியில்லை, கவனம் என்று நினைக்கிறேன். ஒரு திருகாணிக்கு யாரும் அவ்வளவு நேரம் கொடுப்பதில்லை. கதாநாயகனுக்குக் கொடுக்கும் வெளிச்சத்தைத் திருகாணிக்குக் கொடுத்தால் அது நடிக்கத் தொடங்கிவிடுகிறது.

நீளமும் ஒரு காரணம். இதே உலகம் இரண்டரை மணி நேரம் ஓடினால் நானே எழுந்து போய்விடுவேன். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தெரிவதால்தான் கேள்வி கேட்காமல் உள்ளே போகிறேன். இடைவேளை வந்தால் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவேன், பாப்கார்ன் வரிசையில் நின்றுகொண்டு.

மயிலைப்பாட்டி எழுதியது:

அந்தத் திருகாணிப் படத்தைப் பேத்தி இல்லாதபோது பார்த்தேன். வேண்டாமப்பா. எனக்கு முள்ளெலி போதும். சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பரண் இப்படித்தான் இருக்கும், யாரும் ஏறமாட்டார்கள்.

கரித்துண்டு சொன்ன திரங்காவின் படம் ஒன்றும் கிடைத்தது, 'தி ஹேண்ட்'. 1965. தன் பூச்செடிக்குத் தொட்டி செய்துகொண்டிருக்கும் ஒரு பொம்மை மனிதனிடம் ஒரு ராட்சதக் கை வந்து, தொட்டி வேண்டாம், என் உருவத்தைச் செய் என்று விடாமல் தொல்லை கொடுக்கிறது. கடைசியில் அவன் செத்ததும் அந்தக் கையே ராஜமரியாதையோடு அடக்கம் செய்கிறது. இதற்கு நோட்ஸ் எதுவும் தேவைப்படவில்லை. எல்லாக் காலத்துக்கும் தெரிந்த கைதான். திரங்கா இறந்த பிறகு அந்தப் படத்தையே தடை செய்தார்களாமே, அவர்களுக்கும் புரிந்திருக்கிறது.

புதுமுகம்_ஈசிஆர் எழுதியது:

ஒரு செய்முறை உதவி. லீஃப் அம்மா மாதிரி மணலில் ஒரு நிமிடப் படம் முயலலாம் என்று இருக்கிறேன். பெசன்ட் நகர் கடற்கரை மணல் எடுத்தேன், கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. கோடு சுத்தமாக விழவில்லை.

கரித்துண்டு எழுதியது:

உப்பும் ஈரமும்தான் காரணம். நல்ல தண்ணீரில் பல தடவை அலசு, வெயிலில் காயவை, பிறகு மாவு சலிக்கும் சல்லடையில் சலி. கப்பித் துகளெல்லாம் போய்விட வேண்டும். கண்ணாடிக்குக் கீழே டியூப்லைட், நடுவில் ஒரு டிரேசிங் தாள், வெளிச்சம் பரவலாக வரும். கேமராவை மேலே அசையாமல் கட்டிவிடு. முக்கியமாக ஃபேனை நிறுத்து. மே மாதத்தில் சென்னையில் ஃபேன் இல்லாமல் மணல் அனிமேஷன் செய்தால் தவம் செய்த பலன், வேர்வை மட்டும் மணலில் சொட்டாமல் பார்த்துக்கொள்.

சாலிகிராமம்_உதவி எழுதியது:

'மவுண்ட் ஹெட்' பார்த்துவிட்டேன். முடிவு பிரமாதம். ஆனால் அதில் கதை இருக்கிறது, தெளிவான கதை இருக்கிறது, அதனால்தான் பிடித்தது. என் கட்சியில் மாற்றமில்லை. திருகாணிப் படத்தின் சுட்டியையும் அனுப்புங்கள். இரவு படப்பிடிப்பு பேக்கப் ஆனதும் பார்த்துவிட்டு வந்து திட்டுகிறேன்.